போர்ட்சாய் படகுத் திருவிழாவில் மீன் ஆய்ந்த பெண்கள்

போர்ட்சாய் பழைய துறைமுகத்தின் சுவரில் கற்களைப் படுக்க வைத்து அடுக்கவில்லை, நிமிர்த்தி நட்டிருக்கிறார்கள். அலைக்குப் பிடிமானம் கிடைக்கக் கூடாது என்று அப்படிக் கட்டினார்களாம். ஸ்காட்லாந்தின் வடகிழக்குக் கரையில், மோரே வளைகுடாவைப் பார்த்தபடி இருக்கிற சின்ன ஊர் இது. துறைமுகம் 1693-ஐச் சேர்ந்தது. ஹெர்ரிங் மீன் வியாபாரம் சூடு பிடித்தபோது பக்கத்திலேயே 1820-களில் புதிதாக இன்னொரு துறைமுகம் கட்டினார்கள். அது 1839 புயலில் உடைந்துபோய் மறுபடி கட்ட வேண்டி வந்தது. பழையது அப்படியே நிற்கிறது.

அந்தப் பழைய துறைமுகத்துக்கு 300 வயது ஆனதைக் கொண்டாட 1993-இல் ஊர்க்காரர்கள் ஒரு படகுத் திருவிழா நடத்தினார்கள். கூட்டம் வந்தது, ஊருக்கும் பிடித்துப்போனது. அதிலிருந்து கோடைதோறும் ஒரு வார இறுதியில் பழைய பாய்மரப் படகுகள் இங்கே வந்து சேர்கின்றன. நாங்கள் இருக்கும் அபர்டீனிலிருந்து காரில் ஒன்றரை மணி நேரம் போல ஆகும். கோடை என்றுதான் பெயர், காற்று காதை அறுக்கும். ஸ்வெட்டர் இல்லாமல் போகாதீர்கள்.

படகுகளைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எல்லோரும் அதற்காகத்தான் போகிறார்கள். ஃபைஃபி என்று ஒரு வகை. முன்பக்கமும் பின்பக்கமும் செங்குத்தாக இருக்கும். ஜூலு என்று இன்னொன்று; முன்பக்கம் ஃபைஃபி மாதிரியே நேராக இருக்கும், பின்பக்கம் நன்றாகச் சாய்ந்திருக்கும். 1879-இல் லாஸிமவுத் ஊரில் வில்லியம் கேம்பெல் என்கிற படகுத் தச்சர் முதல் ஜூலுவைக் கட்டினார். அப்போது தென்னாப்பிரிக்காவில் நடந்துகொண்டிருந்த ஜூலு போரின் பெயர் படகுக்கு வந்து ஒட்டிக்கொண்டது. 'ரீப்பர்' என்று 70 அடி ஃபைஃபி ஒன்று இருக்கிறது. 1902-இல் சாண்ட்ஹேவனில் கட்டியது, இப்போது ஆன்ஸ்ட்ரதரில் இருக்கும் ஸ்காட்டிஷ் மீன்பிடி அருங்காட்சியகத்தின் சொத்து. அதன் பாய் விரிந்து நிற்பதைப் பார்க்கிற யாருக்கும் வாய் திறந்துதான் இருக்கும். கட்டியவர் பெயர், கட்டிய ஊர், பதிவு எண், உலகப் போரில் என்ன வேலை பார்த்தது என்பது வரை படகுக்கு ஒரு ஜாதகமே இருக்கிறது.

என் மனசில் நின்றது படகு இல்லை. துறைமுக ஓரத்தில் ஒரு மரத்தொட்டியும், நாலைந்து பீப்பாய்களும், அதைச் சுற்றித் தலையில் துணி கட்டி நின்ற சில பெண்களும்தான்.

நூறு வருடத்துக்கு முன்னால் இதே கரையில் ஹெர்ரிங் ஆய்ந்து உப்பு போட்ட பெண்களின் வேலையை இவர்கள் நடித்துக் காட்டுகிறார்கள். நடிப்பு என்று சொல்கிறேனே தவிர, தொட்டியில் இருப்பது நிஜ மீன், கையில் இருப்பது நிஜக் கத்தி. எண்ணெய் ஊறிய தடித்த துணியில் நீளப் பாவாடை, ரப்பர் பூட்ஸ், முழங்கைக்கு மேல் மடித்த சட்டைக் கை. ஒரு பெரியவர் ஒலிபெருக்கியில் ஏதோ விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். அதைவிட அந்தப் பெண்களின் கையைப் பார்த்தாலே போதும்.

கூட்டத்தின் முன்வரிசையில் நான் ரொம்ப நேரம் நின்றிருந்ததைக் கவனித்த ஒரு அம்மா, எழுபதை ஒட்டிய வயது இருக்கும், "செய்து பார்க்கிறாயா? கையைக் கொடு" என்று கூப்பிட்டார். முதலில் கத்தி தரவில்லை. மாவுச் சாக்கைக் கிழித்த மாதிரியான பருத்தித் துணிப் பட்டைகளை எடுத்து என் விரல்களில் ஒவ்வொன்றாகச் சுற்றினார். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல். நுனியிலிருந்து ஆரம்பித்து, மூட்டில் மடங்குகிற மாதிரி கொஞ்சம் தளர்த்தி, அடியில் நூலால் இறுக்கிக் கட்டினார். "என் பாட்டி இதைத் தனியாகவே கட்டிக்கொள்வார். நூலின் ஒரு நுனி பல்லில், இன்னொரு நுனி இந்தக் கையில்" என்று செய்து காட்டினார். அதிகாலை வேலைக்குக் கிளம்பும் முன் எல்லாப் பெண்களுக்கும் முதல் காரியம் இந்தக் கட்டுதான். கட்டு சரியாக இல்லையென்றால் கத்தி சதைக்குள் போகும். போனால் அந்தக் காயத்தில் நாள் முழுக்க உப்பு இறங்கும்.

கத்தி சின்னது. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். மீனை இடது கையில் வயிறு மேலே வருகிற மாதிரி பிடித்து, செவுளுக்குக் கீழே குத்தி, ஒரு திருப்பு, ஒரு இழுப்பு. செவுளும் குடலும் ஒன்றாக வெளியே வந்துவிட வேண்டும், தலை உடம்போடு இருக்க வேண்டும். அவர் செய்தபோது கண்ணுக்கே தெரியவில்லை. நான் செய்தபோது செவுள் கையில் வந்தது, குடல் உள்ளேயே நின்றது. ஹெர்ரிங் நம் மத்திக்கு உறவுக்கார மீன், அதைவிடப் பெரிசு, கொழுப்பும் செதிலும் ஏராளம், வழுக்கும். பிடிமானத்துக்காகத்தான் தொட்டியில் கொட்டியதுமே மேலே உப்பைத் தூவுவார்கள். அந்த உப்புதான் விரலையும் தின்றது.

வேலை நடந்த விதத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மூன்று பெண்கள் ஒரு குழு. இரண்டு பேர் மீன் ஆய்வார்கள், ஒருவர் பீப்பாயில் அடுக்குவார். ஃபார்லின் என்கிற நீண்ட மரத்தொட்டியில் மீனைக் கொட்டிவிட்டுப் போவார்கள். ஆய்கிறவர் குடலை ஒரு பாத்திரத்தில் போடுவார், மீனைத் திரும்பிப் பார்க்காமலேயே பின்னால் இருக்கும் தொட்டிகளில் ஒன்றில் எறிவார். எந்தத் தொட்டி என்பது மீனின் அளவையும் தரத்தையும் பொறுத்தது. சிறிசு, நடுத்தரம், பெரிசு, சினை நிறைந்தது, சினை விட்டது எல்லாம் கைக்குத் தெரிந்தாக வேண்டும், யோசிக்க நேரம் கிடையாது. தென்காசிப் பக்கம் பீடி சுற்றுகிறவர்கள் ஊர்க்கதை பேசிக்கொண்டே விரலை ஓட்டுவதைச் சின்ன வயதிலிருந்து பார்த்தவள் நான். இந்த அம்மாவும் அப்படித்தான் என்னோடு பேசிக்கொண்டே எறிந்தார், ஒன்றுகூடத் தப்பான தொட்டியில் விழவில்லை.

அடுக்குவதும் லேசான வேலை இல்லை. பீப்பாயின் அடிவரை கை எட்ட வேண்டும் என்பதால் குழுவில் உயரமானவர்தான் பெரும்பாலும் அடுக்குவார். தலைகீழாகத் தொங்குகிற மாதிரி குனிந்து, வயிறு மேலே பார்க்க, தலை பீப்பாயின் ஓரத்தைத் தொட, ஒரு வரிசை. அதன் மேல் உப்பு. அடுத்த வரிசை அதற்குக் குறுக்கே. மறுபடி உப்பு. இப்படி ஒரு பீப்பாய்க்கு 700-இலிருந்து 1,000 மீன் வரை பிடிக்கும். சில நாள் கழித்து மீன் தணிந்து இறங்கியதும், திறந்து மேலும் மீன் வைத்து நிரப்பி மூடுவார்கள். அதற்கப்புறம் அரசாங்க அதிகாரி வந்து சோதித்துத் தேறினால் பீப்பாயின் மேல் கிரீட முத்திரை சூடு வைப்பார். அந்த முத்திரை இருந்தால் ஜெர்மனியிலும் ரஷ்யாவிலும் வியாபாரிகள் பீப்பாயைத் திறந்தே பார்க்காமல் வாங்கினார்கள்.

1907-இல் ஸ்காட்லாந்திலிருந்து ஏற்றுமதியான உப்பு ஹெர்ரிங் 25 லட்சம் பீப்பாய். பீப்பாய்க்கு 800 என்று வைத்துப் பாருங்கள், 200 கோடி மீன். ஒவ்வொரு மீனின் செவுளிலும் ஒரு பெண்ணின் கத்தி இறங்கியிருக்கிறது. கைதேர்ந்தவர்கள் நிமிடத்துக்கு 40, 50, சிலர் 60 வரைகூட ஆய்ந்திருக்கிறார்கள். இரண்டு பேர் நிமிடத்துக்கு 40 வீதம் ஆய்ந்தால் பத்து நிமிடத்தில் ஒரு பீப்பாய்க்கான மீன் தயார். படகு எவ்வளவு மீன் கொண்டுவந்தாலும் இந்தக் கைகள் இல்லாவிட்டால் அது மறுநாளே நாறிப்போயிருக்கும். ஹெர்ரிங் கொழுப்பு மீன், நிற்காது. பிடித்த ஒரு நாளுக்குள் ஆய்ந்து உப்பில் போட்டாக வேண்டும். அதனால்தான் இரவு வெகுநேரம் வரைக்கும் விளக்கு வெளிச்சத்தில் நின்று வேலை பார்த்தார்கள். மீன் தீர்ந்தால்தான் வேலை முடிந்தது.

இவர்கள் ஒரே இடத்தில் இருந்ததும் இல்லை. மீன் கூட்டம் எங்கே போகிறதோ அங்கே போனார்கள். கோடையின் தொடக்கத்தில் ஷெட்லாந்து தீவுகளில் லெர்விக். அப்புறம் இந்த வடகிழக்குக் கரையில் ஃப்ரேசர்பரோ, பீட்டர்ஹெட். இலையுதிர் காலத்தில் இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் கிரேட் யார்மவுத், லோஸ்டாஃப்ட். லூயிஸ் தீவிலிருந்து கேலிக் மொழி மட்டுமே பேசத் தெரிந்த பதினைந்து, பதினாறு வயதுப் பெண்கள்கூட ஒரு மரப்பெட்டியில் துணிமணியை அடுக்கிக்கொண்டு சிறப்பு ரயில்களில் போயிருக்கிறார்கள். சீசன் ஆரம்பிக்கும் முன்பே வியாபாரி அச்சாரம் கொடுத்துவிடுவார். அச்சாரம் வாங்கிவிட்டால் சீசன் முழுக்க அவருக்குத்தான் வேலை. தங்கிய வீடுகளில் வீட்டுக்காரிகள் தரைவிரிப்பைச் சுருட்டி எடுத்துவிட்டு, மீன் வாடை ஏறாமலிருக்கச் சுவரில் காகிதம் ஒட்டி வைப்பார்களாம். ஒரு கட்டிலில் மூன்று பேர், அதாவது ஒரு முழுக் குழு. வேலை இல்லாத நேரத்திலும் கை சும்மா இருக்காது. தெருவில் நடந்துகொண்டே ஆண்களுக்குக் கம்பளிச் சட்டை பின்னுவார்கள்.

விரல் புண்ணைப் பற்றி அந்த அம்மா சொன்னதுதான் எனக்கு இன்னும் மறக்கவில்லை. உப்பு தின்ற ஓட்டைகள் எலும்பு தெரிகிற அளவுக்குப் போகுமாம். தேவாலயங்களும் செஞ்சிலுவைச் சங்கமும் துறைமுகத்திலேயே மருந்து கட்டும் இடம் வைத்திருந்தன. பாட்டி அங்கே போய்க் கட்டுப் போட்டுக்கொண்டு அரை மணியில் தொட்டிக்குத் திரும்பிவிடுவாராம், பீப்பாய்க் கணக்கில் கூலி என்பதால். அவர் ஒருத்தர் நின்றால் குழுவில் மற்ற இரண்டு பேருக்கும் கூலி போகும். வயதான பிறகும் பாட்டியின் விரல்களில் வெள்ளை வெள்ளையாகத் தழும்பு இருந்ததாம். "சின்னப் பிள்ளையில் அதை எண்ணி விளையாடுவேன்" என்றார்.

இந்த நாட்டில் சரித்திர நடிப்புக்குப் பஞ்சமே இல்லை. கல்லோடன் சண்டையைப் போல வாளும் துப்பாக்கியும் வைத்து ஒரு கூட்டம், வைகிங் வேடம் போட்டு ஒரு கூட்டம். லெர்விக்கில் ஜனவரிக் கடைசியில் வைகிங் வேடத்தில் தீவட்டி ஊர்வலம் போய் ஒரு மரக்கப்பலையே கொளுத்துகிறார்கள். பார்க்கப் பிரமாதமாக இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் அந்த ஊர்வலக் குழுக்களில் பெண்களைச் சேர்த்துக்கொண்டது 2023-இல்தான். ஆயிரக்கணக்கான பெண்கள் மீன் ஆய்ந்து வாழவைத்த ஊர் அது. யாரும் நேரில் பார்த்திராத ஆயிரம் வருடத்துக்கு முந்திய வைகிங்குக்குத் தீவட்டி கிடைத்தது. பேரன் பேத்திகள் பெயர் சொல்லிச் சொல்லக்கூடிய இந்தப் பெண்கள் அஞ்சலட்டையில் தங்கிவிட்டார்கள்.

அந்த அஞ்சலட்டைகள் இப்போதும் கிடைக்கின்றன. கைகோர்த்துச் சிரித்துக்கொண்டு வரிசையாக நிற்பார்கள். விரல்களை யாரும் நெருங்கிப் படம் எடுக்கவில்லை.

அதனால்தான் போர்ட்சாயில் பார்த்ததை நான் இவ்வளவு பெரிசாகச் சொல்கிறேன். சண்டையை நடித்துக் காட்டும்போது யாரும் சாகப்போவதில்லை, பார்க்கிறவருக்கும் தெரியும், நடிக்கிறவருக்கும் தெரியும். அதன் முக்கியமான விஷயமே அங்கே இல்லை. வேலையை நடித்துக் காட்டுவது வேறு. மீன் வழுக்கத்தான் செய்கிறது, உப்பு எரியத்தான் செய்கிறது, இடுப்பு வலிக்கத்தான் செய்கிறது. அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குள் இருக்கிற கத்தியைப் பார்த்தால் அது ஏன் இவ்வளவு சின்னதாக இருக்கிறது என்று தெரியாது. கையில் பிடித்து மீனுக்குள் திருப்பினால் ஒரே நொடியில் தெரிந்துவிடும்: கத்தி நீளமாக இருந்தால் திருப்பும்போது உங்கள் விரலே போய்விடும்.

ஆனால் குறையும் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட மனசில்லை. வேகம் இல்லை. நிமிடத்துக்குப் பத்து மீன், பதினைந்து மீன் என்றுதான் போகிறது. கூட்டத்துக்கு விளக்கம் சொல்லிக்கொண்டே செய்ய வேண்டும், குழந்தைகள் நெருங்கி நிற்கிறார்கள், அதனால் நியாயம்தான். இருந்தாலும் அரை மணி நேரமாவது பேச்சை நிறுத்திவிட்டு, ஒரு பீப்பாய் நிரம்பும் வரை முழுசாகச் செய்து காட்டினால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. பத்து நிமிடத்தில் முடிந்த வேலைக்கு இன்று எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று ஜனங்கள் நின்று பார்க்க வேண்டும். இன்னொன்று, பக்கத்தில் நின்று "அப்படி இல்லை, இப்படி" என்று திருத்தச் சொந்தமாக ஆய்ந்தவர்கள் அநேகமாக யாரும் மிச்சமில்லை. முதல் உலகப் போரும் ரஷ்யப் புரட்சியும் பெரிய சந்தைகளை அடித்துவிட்டன. அதற்கப்புறம் தேய்ந்துகொண்டே வந்து, 1977-இல் வட கடலில் ஹெர்ரிங் பிடிப்பதையே சில வருடம் நிறுத்தி வைக்கிற அளவுக்கு மீன் குறைந்துபோனது. இன்று பீட்டர்ஹெட்டில் பெரிய கப்பல்கள் இறக்கும் ஹெர்ரிங்கை இயந்திரம் ஆய்கிறது. திருவிழாத் தொட்டியில் கிடந்த மீனும் அப்படி ஒரு கப்பலிலிருந்து முழுசாக வாங்கி வந்ததுதான். இந்த அம்மாவுக்கு அவர் பாட்டி சமையலறையில் சொல்லிக் கொடுத்தது. அவரிடமிருந்து மற்றவர்கள் கற்றுக்கொள்கிறார்கள். அந்தச் சங்கிலியில் இனி ஒவ்வொரு கண்ணியும் முக்கியம்.

விரல் கட்டுகளை அவிழ்த்துக்கொண்டே அந்த அம்மாவிடம் ஒன்று கேட்டேன். 1936-இல் யார்மவுத்தில் இந்தப் பெண்கள் பீப்பாய்க் கூலியை உயர்த்தக் கேட்டுக் கத்தியைக் கீழே வைத்தார்கள். ஆயிரக்கணக்கில் தெருவில் இறங்கினார்கள். சங்கம் கூட்டிவிட்ட வேலைநிறுத்தம் இல்லை, அவர்களாகவே குழு குழுவாகத் தொட்டியை விட்டு வெளியேறினார்கள். மீன் ஒரு நாள்கூடத் தாங்காது என்பது வியாபாரிக்கும் தெரியும், இவர்களுக்கும் தெரியும். பேரம் பேச அதைவிடப் பெரிய பலம் எது? திருவிழாவில் ஆய்வதையும் அடுக்குவதையும் காட்டுகிறீர்கள், வேலையை நிறுத்தியதையும் ஏன் நடித்துக் காட்டக் கூடாது?

"அதைத்தான் நானும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்" என்றார். "நடு மத்தியானம், கூட்டம் நிறைந்திருக்கும்போது கத்தியைத் தொட்டியில் போட்டுவிட்டு, கைகோர்த்துக்கொண்டு துறைமுகத்தைச் சுற்றி நடக்க வேண்டும். ஒலிபெருக்கிக்காரர் அப்போது என்ன சொல்வார் என்று பார்க்க வேண்டும்."

"அப்புறம் என்ன தடை?"

"ஆள்தான். ஆறு பேர் நடந்தால் டீ குடிக்கப் போகிறார்கள் என்றுதான் நினைப்பார்கள். முப்பது பேராவது வேண்டும்."

அபர்டீனில் தமிழ்க் குடும்பங்களே எத்தனையோ இருக்கின்றன, எண்ணெய்க் கம்பெனி வேலைக்காக வந்தவர்கள். வார இறுதியில் கோயில், பிறந்தநாள் விழா என்று கூடுகிறோம். அடுத்த கோடைக்கு என் பெயரையும், வர மாட்டேன் என்று சொல்லாத இரண்டு தோழிகளின் பெயரையும் அவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டேன். பாவாடையும் தலைத்துணியும் அவர்களே தருவார்கள். விரல் கட்டு மட்டும் நாமே கட்டப் பழகிக்கொள்ள வேண்டுமாம். படிக்கிறவர்களில் யாராவது இந்தப் பக்கம் இருந்தால் சொல்லுங்கள், இன்னும் நிறைய இடம் இருக்கிறது.